நான் காராக இருந்த பிற்பகல்

கேக் சுடும் அலுமினியத் தட்டு ஒன்றை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெரணியகலை வீதியோரத் தேநீர்க்கடையின் பக்கத்துப் பாதையில் ஓர் ஆள் முன்னும் பின்னும் நடந்ததை அந்த வழியாகப் போன பஸ்காரர்கள் பார்த்தார்கள். பஸ் வேகம் குறைந்தது. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி சிங்களத்தில் என்னவோ கேட்டார். நான் தட்டை இறக்காமல் நடந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், "நான் இப்போது ஒரு கார்" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நரைத்த மீசையும் கண்ணாடியும் உள்ள ஒருவன் அதை எந்த மொழியில் சொன்னாலும் எடுபடாது.

அதையும் மிஞ்சிய வெட்கம் ஒன்று உண்டு. என்னைக் காராக்கும் அளவுக்கு நிலைமையைக் கொண்டுவந்தவன் வேறு யாருமில்லை, நான்தான்.

அந்தக் கடைக்கு நான் மேனேஜர். அதற்கு முன்பு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்தேன். அதனால் முதலாளி என்னை இன்றும் "மாஸ்டர்" என்றே கூப்பிடுவார். நான் நிறையப் படித்தவன் என்று ஊருக்குள் ஒரு வதந்தி உண்டு. அதை நான் இதுவரை மறுத்ததில்லை.

எங்கள் பக்கத்தில் மழை பெய்வது செய்தியே அல்ல. பெய்யாவிட்டால்தான் ஆட்கள் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள். கடை வாசலில் வாகனத்தை நிறுத்தி, குடை தேடி, சேறு மிதித்து இறங்கி வந்து பிளேன்டீ குடிப்பதற்குள் குடிக்கும் ஆசையே போய்விடும். கொழும்பில் காரை விட்டு இறங்காமலே சாப்பாடு வாங்கும் கடையை எங்கள் முதலாளி ஒருநாள் பார்த்தார். திரும்பி வந்த கையோடு, பழைய ரப்பர் ஸ்டோரின் பக்கச் சுவரை ஒட்டி சீமெந்துத் தரை போட்டு, மேலே தகரக் கூரை இறக்கி, முனையில் ஒரு ஜன்னலும் வைத்தார். அந்தப் பாதைக்கு "லேன்" என்று பெயர். வாகனம் லேனுக்குள் வந்து நிற்கும், ஜன்னல் வழியாகத் தேநீரும் மீன் வைத்த மாலு பாணும் போகும். குறை ஒன்றே ஒன்று. ஜன்னலில் நிற்பவளே குசினியில் ரொட்டியும் சுட வேண்டும், குசினியோ சுவருக்கு அந்தப் பக்கம். வாகனம் வந்தது அவளுக்குத் தெரியாது. ஆகவே வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

ஜன்னலில் நிற்பவள் பக்கத்துத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வருகிறாள். நான் அவளைத் தங்கச்சி என்பேன். அவள் என்னை அண்ணே என்பாள், கேலி செய்யும்போது மட்டும் மேனேஜர் ஐயா. எங்களிடம் வருமுன் ரப்பர் மலையில் பால்வெட்டு வேலை செய்தவள். மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், வெட்ட முடியாது, அன்றைக்கு வருகைப் புத்தகத்தில் பேர் விழாது. பேர் இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. லேன் திறந்த புதிதில் ஒருநாள் கொட்டுகிற மழையில் வாகனங்கள் வரிசையாக நின்றபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அங்க மழை பேஞ்சா பேரு இல்லீங்கண்ணே. இங்க மழை பேஞ்சாத்தான் எனக்குப் பேரே."

வீதிக்கு எதிரே பன்சல, பௌத்த விகாரை. அங்குள்ள பெரிய பிக்கு சாந்தமானவர். சாந்தமானவர்களின் பொறுமையையும் ஹோர்ன் தின்றுவிடும். போயா என்கிற பௌர்ணமி நாளில் அவர் பண என்னும் தர்ம உபதேசம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ரோல்ஸுக்காகக் காத்திருந்த ஒரு லொறி விடாமல் அலறியிருக்கிறது. சிங்களவரான முதலாளி அந்தப் பன்சலக்குப் பெரிய உபயகாரர். கூப்பிட்டு அனுப்பினார்கள், போனார், தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"மாஸ்டர், நான் பெரிய ஹாமுதுருக்கு வார்த்த குடுத்திட்டன். அடுத்த போயாக்கு ஒரு ஹோர்ன் கேட்டா லேன் வஹனவா. மூடுறது. அவ்வளவுதான்."

"ஜன்னல்?"

"லேன் இல்லாட்டி ஜன்னல் என்னத்துக்கு?"

தங்கச்சி பக்கத்தில்தான் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள். முன் கவுன்டருக்கு ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். ஜன்னல் மூடினால் அவளுக்கு மிச்சம் ரப்பர் மலைதான்.

இந்த இடத்தில்தான் என் வாசிப்பு குறுக்கே வந்து விழுந்தது. மீயொலி சென்ஸர் என்று ஒரு சாமான் இருப்பதை எங்கோ படித்திருந்தேன். லேனின் கூரையில் அதைக் கீழ்நோக்கிப் பொருத்த வேண்டும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அது தரையை நோக்கி எறியும். ஒலி பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கும். கார் வந்து நின்றால் ஒலி காரின் முதுகில் பட்டு முன்னதாகவே திரும்பிவிடும். உடனே குசினியில் மணி அடிக்கும். "ஹோர்ன் அடிக்காதீர்கள், உங்கள் வருகை எங்களுக்குத் தெரியும்" என்று மும்மொழியில் பலகை எழுதி மாட்டலாம். முதலாளிக்கு வௌவாலை உதாரணம் காட்டி நீண்ட விளக்கம் கொடுத்தேன். அவர் வௌவாலை விட்டுவிட்டு மணியை மட்டும் பிடித்துக்கொண்டார். கொழும்பிலிருந்து டெக்னீஷியன் வந்து, பெட்டியைப் பொருத்தி, வயரை இழுத்து, அடுத்த வேலைக்கு அவசரமாகக் கிளம்பினார். போகும்போது என்னிடம் சொன்னார்: "லேன் வெறுமையா இருக்கிற நேரம் பார்த்து இந்த பட்டனை அமத்துங்க சார். பச்சை லைட் மின்னி முடியுற வரைக்கும் உள்ள ஒண்ணும் இருக்கக்கூடாது. அது தரைய படிச்சு வச்சுக்கும்."

மிக எளிமையான பேச்சு. எந்த மனிதனும் புரிந்துகொள்வான். ஆனால் நான் மனிதன் மட்டுமல்ல, விழா நடத்துகிறவனும் கூட.

எங்கள் ஊரில் புது மெஷினைச் சும்மா தொடங்க மாட்டோம். தண்ணீர் மோட்டராக இருந்தாலும் சந்தனம் வைப்போம். சிங்களவர்களுக்கு நெகத, எங்களுக்கு நல்ல நேரம். இரண்டு பஞ்சாங்கத்தையும் முதலாளியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் ஒத்துவருகிற ஒரு நேரத்தைப் பிடித்தோம். இன ஒற்றுமைக்கு இதைவிட உழைத்தவர்கள் அந்தப் பிரதேசத்தில் அன்று இருந்திருக்க மாட்டார்கள். தென்னங்குருத்துத் தோரணம் கட்டினோம். லேனின் நடுவில் ஒரு மரப்பெட்டி வைத்து, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் முதலாளி வீட்டுப் பெரிய பித்தளை விளக்கை ஏற்றினோம். நான் ஏணியில் ஏறி, சென்ஸரின் வட்டமான முகத்தை ஈரத்துணியால் துடைத்து, நடுவில் சந்தனம் தாராளமாக வைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டேன். பிறகு கீழே இறங்கி விளக்குக்குப் பக்கத்தில் நின்று, பொட்டு காய்ந்து நல்ல நேரமும் பிறந்ததும் சுவரிலிருந்த பட்டனை அமத்தினேன். பச்சை லைட் மின்னியது. எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளியின் மருமகன் போட்டோ எடுத்தான்.

மறுநாள் காலைப் பனியில், லேனில் ஒரு ஈ கூட இல்லாதபோது, மணி அடிக்கத் தொடங்கியது. அடித்தது, அடித்தது, தங்கச்சி ரொட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஜன்னலைத் திறந்தால் யாருமில்லை. திரும்பிப் போனாள். மறுபடி அடித்தது.

"அண்ணே, யாருங்க வர்றது? செத்தவங்களா?"

டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: "சென்ஸர் முகத்தில ஏதும் ஒட்டியிருக்கா சார்? தூசி, சிலந்தி வலை, குளவிக் கூடு?"

"ஒன்றும் இல்லை. நானே கையால் துடைத்துத்தான் பொட்டு வைத்தேன்."

"என்ன வச்சீங்க?"

"சந்தனம். குங்குமமும் கொஞ்சம்."

"சார்," என்றார், அழுகிற பிள்ளையிடம் பேசுகிற குரலில், "அது கண்ணு இல்ல சார். அதுதான் வாயி, அதேதான் காது. வாயிலயும் காதுலயும் சந்தனத்த அப்பிட்டு, பேசு, கேளுன்னா அது என்ன செய்யும்? காஞ்சிருந்தா ஓரளவு கேக்கும், ஈரம் பட்டா அதோட சத்தத்தையே அது கேட்டுக்கிட்டு இருக்கும். மெதுவா ஈரத்துணியால துடைங்க. சுரண்டிராதீங்க. நான் போயா கழிச்சுத்தான் அந்தப் பக்கம் வர முடியும்." போனை வைப்பதற்கு முன், "வெறுமையாத்தானே படிக்க வச்சீங்க?" என்றும் கேட்டார்.

"வெறுமையாகத்தான்," என்றேன். பொய் சொல்லவில்லை. ஒரு வாகனமும் இருக்கவில்லையே.

பொட்டைக் கலைத்ததும் பேய் மணி நின்றது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குசினிக்குள் போய் மீயொலியைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். நடுவில் வெளியே ஹோர்ன் கேட்டது. ஒரு சிறிய வெள்ளைக் கார் லேனுக்குள் எவ்வளவு நேரமாக நின்றதோ தெரியவில்லை. மணி வாயே திறக்கவில்லை.

இப்படியே நாட்கள் போயின. சில வாகனத்துக்கு அடித்தது, சிலதுக்கு அடிக்கவில்லை. போயாவுக்கு முதல் நாள் காலை ஒரு கார்க்காரர் பொறுமையிழந்து நீட்டி ஹோர்ன் அடித்தார். எதிரே முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த பெரிய பிக்கு ஈர்க்குமாற்றை நிறுத்தி நிமிர்ந்தார்.

"ஒண்ணும் சொல்லலீங்கண்ணே," என்றாள் தங்கச்சி. "பாத்தாரு. அவ்வளவுதான்." பிறகு, "நாளைக்கு எத்தன கார் வருமோ," என்றாள்.

"வேனாக வரவேண்டும் என்று வேண்டிக்கொள்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வேன் வந்தால் மணி அடிக்கிறது. கார் வந்தால் அடிக்கவில்லை. இதைத்தான் என் வாய் கவனித்திருக்கிறது; மூளைக்குச் சொல்லவில்லை.

அவளோ அதற்குள், "எந்தச் சாமிகிட்டங்க வேண்டுறது? வேனுக்குன்னு சாமி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

குடையைப் பிடித்துக்கொண்டு லேன் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பால் வேன்: அடித்தது. சின்னக் கார்: இல்லை. கூரைமேல் மூட்டை கட்டிய ஜீப்: அடித்தது. இன்னொரு சின்னக் கார்: இல்லை. இடைப்பட்ட உயரமுள்ள ஓட்டோக்கள் மட்டும் மனம்போலச் செய்தன. ஒன்றுக்கு அடித்து ஒன்றுக்கு விட்டது. உயரம்! உயரமானதைப் பிடிக்கிறது, குட்டையானதை விடுகிறது. எந்த உயரம் வரை என்று தெரிந்தாக வேண்டும். மழை விட்ட இடைவெளியில் வாகனம் எதுவும் வரவில்லை. அப்போதுதான் கேக் தட்டு கண்ணில் பட்டது.

"தட்டு எதுக்குங்க? உங்க தலையே போதாதா? பளபளன்னுதானே இருக்கு," என்றாள் தங்கச்சி. தலை உருண்டை, பட்ட ஒலி பக்கத்தில் சிதறிவிடும், தட்டையாக ஒன்று வேண்டும் என்று விளக்கினேன். மணி பக்கத்தில் நின்று சத்தமாகச் சொல்லும்படி அவளைக் குசினிக்குள் அனுப்பினேன்.

தட்டைத் தலைக்கு மேல் தூக்கி நடந்தேன்.

"அடிச்சுச்சு!" என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

அந்த நேரத்தில்தான் பஸ் வந்தது, நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். பஸ் போனதும் தட்டை நெற்றிக்கு இறக்கினேன்.

"அடிச்சுச்சு! அப்படியே ரிவர்ஸ் எடுங்க மேனேஜர் ஐயா!"

மூக்கு மட்டம். "அடிச்ச மாதிரி இருந்துச்சு. இன்னொருக்கா!" மீசைக்குக் கீழே இறக்கினேன். ஒன்றும் இல்லை. நெஞ்சு, வயிறு, முழங்கால், எல்லாம் மௌனம். மறுபடி மேலே கொண்டுவந்தேன். மீசையைத் தாண்டியதும் மணி.

என் மீசைக்குக் கீழே உள்ள உலகம் அந்த மெஷினுக்கு இல்லை. ஏன்? தரையை என் மீசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறதா? தட்டை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, நேரம் பார்க்கப் போனை எடுத்தேன். திரையில் தொடக்க விழாப் படம். பெருமையில் அதையே முகப்புப் படமாக வைத்திருந்தேன்.

தங்கச்சி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "உங்க மீசையில தீப்பிடிச்ச மாதிரி இருக்கே, அந்தப் படந்தானே?"

படத்தில் நான் பட்டனில் விரலை வைத்துச் சிரிக்கிறேன். எனக்கு அருகில், பெட்டியின் மேல், லேனின் நடுவில், சென்ஸருக்கு நேர் கீழே, முதலாளி வீட்டு விளக்கு. அதன் அகன்ற மேல்தட்டு சரியாக என் மீசை மட்டத்தில்.

லேன் வெறுமையாக இருக்க வேண்டும் என்றால் வாகனம் இருக்கக்கூடாது என்றுதான் விளங்கிக்கொண்டோம். விளக்கு ஒரு சாமான், அது இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அன்று கூடியிருந்த தமிழர், சிங்களவர் ஒருவருக்குமே தோன்றவில்லை. எங்களுக்கு விளக்கு என்பது நல்ல காரியத்தின் தொடக்கம். மெஷினுக்கோ அதுதான் தரை. அந்தத் தட்டுக்கு மேலே எழும்புவதெல்லாம் அதற்கு வாகனம். அதற்குக் கீழே கார் நின்றாலும் காற்று நின்றாலும் ஒன்றுதான். சொல்லிக்கொடுத்ததை அது பிசகாமல் படித்திருக்கிறது. டியூஷனில் எனக்கு இப்படி ஒரு மாணவன் கிடைத்ததே இல்லை.

"தங்கச்சி, நாளைக்கு ஜன்னல் திறந்திருக்கும்!" என்று கத்தினேன்.

மழை மறுபடி பிடிப்பதற்குள் எல்லாவற்றையும் அகற்றினோம். வாடிய தோரணத்தை அறுத்தேன். லேனில் படுத்திருந்த கடை நாயை எலும்பு காட்டிப் பின்பக்கம் கொண்டுபோனோம். ஸ்டூல், குடை, தட்டு எல்லாம் வெளியே. பட்டனில் விரல் வைக்கப் போகிற நேரம் முதலாளி வந்து சேர்ந்தார். மறுபடி தொடங்குகிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் விளக்கு.

"மாஸ்டர், போன முற நேரம் பிழ. இந்தமுற சரியா நெகத பாத்து வந்திருக்கன். பெட்டி எங்க?"

இத்தனை வருடத்தில் முதலாளிக்கு நான் "இல்லை" என்று சொன்னதே கிடையாது. சம்பளம் கேட்கும்போதுகூட "உங்களுக்குச் சௌகரியமானால்" என்றுதான் தொடங்குவேன். அன்று ஜன்னலுக்குப் பின்னால் ஒரு முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லை முதலாளி. விளக்கு லேனுக்குள் வரக்கூடாது."

"மொகத மாஸ்டர், என்னது? விளக்கு இல்லாமலா?"

"விளக்கு உண்டு. உள்ளே, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஏற்றுங்கள். நெகத உங்களுடையது. லேன் என்னுடையது."

இவ்வளவு கம்பீரமான வசனம் என் வாயிலிருந்து வந்ததில் முதலாளியைவிட எனக்குத்தான் அதிர்ச்சி. அவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பன்சலப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஹரி," என்று சம்மதம் சொல்லிவிட்டு விளக்கோடு உள்ளே போனார். திரி எரிந்ததும் உள்ளேயிருந்து கை காட்டினார். நான் பட்டனை அமத்திவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன். மூச்சு விட்டால் அதையும் படித்துவிடுமோ என்று மூச்சையும் அடக்கிக்கொண்டேன். பச்சை லைட் மின்னியது, நின்றது.

முதலில் வந்தது ஒரு சிறிய நீலக் கார். பழையது, குட்டையானது, முன்பு மணி மதிக்காத சாதி. லேனுக்குள் ஊர்ந்து வந்து நின்றது.

உள்ளே டிங்கென்று கேட்டது.

ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்குவதற்குள் ஜன்னல் திறந்துவிட்டது. "ஆயுபோவன், மாத்தயா!" என்றாள் தங்கச்சி, வாயெல்லாம் பல். அவர் ஹோர்னில் வைக்கப் போன கையை எடுத்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் இப்படி ஒரு வரவேற்பைக் கண்டதில்லை என்பதுபோல இரண்டு பிளேன்டீ கேட்டார். கூட வந்தவர் யாருமில்லை.

போயாவன்று விடிந்ததிலிருந்து மழை. எதிரே ஒலிபெருக்கியில் பண தொடங்கியது. வாகன வரிசை வளைவு வரை நீண்டது. காரும் வேனும் ஓட்டோவும் ஒன்றன்பின் ஒன்றாக லேனுக்குள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிங், ஒவ்வொரு டிங்குக்கும் ஜன்னல் திறந்தது. கூரைத் தகரத்தில் மழை அறைந்த சத்தத்தையும் மீறிக் குசினியில் அந்த மணி கேட்டது. நான் குடையோடு லேன் வாயிலில் நின்றேன். உள்ளே விடும் முன் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் பலகையைக் காட்டினேன். ஒரு லொறிக்காரர் பழக்க தோஷத்தில் ஹோர்னை நோக்கிக் கை நீட்டினார். அது போய்ச் சேருமுன் மாலு பாண் அந்தக் கையில் இருந்தது. பண முடிந்து சாது சாது என்று சனங்கள் சொன்னது வீதியைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. அதுவரை ஒரு ஹோர்ன் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

மத்தியானம் பன்சலயிலிருந்து வாழையிலை மூடிய ஒரு தட்டு வந்தது. கிரிபத் என்னும் பாற்சோறு, வாழைப்பழம். கொண்டுவந்தவர், பெரிய ஹாமுதுரு ஜன்னலில் நிற்கும் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னார் என்றார். முதலாளி அதை இரண்டு கையாலும் வாங்கித் தங்கச்சியிடம் கொடுத்தார். "லேன் இருக்கும். நீயும் இரு," என்றார். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளியே எட்டி மழையைப் பார்த்தாள். "பேயட்டும், பேயட்டும்," என்றாள்.

அடுத்த சில நாட்கள் என்னைப் பிடிக்க முடியவில்லை. தேநீர் குடிக்க வந்தவர்கள் மீயொலியையும் சேர்த்துக் குடித்துவிட்டுப் போனார்கள். டெக்னீஷியன் போன் செய்து, "வரவா சார்?" என்றபோது, "தேவையில்லை, சில நுட்பமான திருத்தங்களை நானே செய்துவிட்டேன்," என்றேன். விளக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை கடைக்குள் நுழைந்ததுமே தங்கச்சியிடம் கேட்டேன்: "எப்படி நம்முடைய மெஷின்?"

"ரொம்ப நல்லா வேல செய்யுதுங்கண்ணே," என்றாள், மாவைப் பிசைந்தபடியே. "விடியக்காலையில டிங்குன்னுச்சு. அடுப்ப அப்படியே போட்டுட்டு ஓடிப்போய் ஜன்னலத் தொறந்து ஆயுபோவன் சொன்னேன். மாடு நிக்குது."

நான் லேன் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"ஆனா ஒண்ணு சொல்லணும்ங்க," என்றாள். "ஹோர்ன் அடிக்கல."